குழு ஆலோசனையில் இலக்கு: யார் வைப்பது, யார் அளப்பது?

புதுச்சேரியின் மனநலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சில எண்களைத் தாண்டிப் போக முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021இல் இந்த ஒன்றியப் பகுதியில் ஒரு லட்சம் பேருக்கு 31.8 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2022இல் 29.7. அதே 2022இல் நாட்டின் சராசரி 12.4 தான். இத்தனைக்கும் இது மருத்துவ வசதி இல்லாத ஊர் அல்ல. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. டவுனுக்குள் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, ஊரைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள்.

கட்டடங்கள் இருக்கின்றன, உட்கார்ந்து பேச ஆள் போதவில்லை. இது நாடு முழுவதற்கும் பொதுவான குறை. 2015–16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. மதுப் பழக்கச் சிக்கலில் அந்த இடைவெளி சுமார் 86 சதவீதம். ஒருவருக்கு ஒருவர் என்று பேசி இதை அடைக்க முடியாது. எனவே எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசும் குழு ஆலோசனை, சிக்கனத்துக்காக மட்டுமல்ல, வேறு வழியில்லாததாலும் தேவைப்படுகிறது.

ஆனால் வட்டமாக உட்கார்ந்தால் மட்டும் குழு ஆகிவிடாது. அந்த எட்டுப் பேரும் எதற்காக வந்திருக்கிறார்கள், எதை எட்டினால் வந்த வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்வது? இந்தக் கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் கிடைத்த விடைகளையும், புதுச்சேரி போன்ற ஊரில் அவை எப்படிப் பொருந்துகின்றன என்பதையும் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

சொற்பொழிவிலிருந்து தீர்மானத்துக்கு

குழுச் சிகிச்சையின் வரலாற்றை 1905இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜோசப் பிராட்டிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவரிடம் வந்தவர்கள் மனநோயாளிகள் அல்ல. சானடோரியத்துக்குப் போகப் பணமில்லாத காசநோயாளிகள். வாரம் ஒரு முறை கூடினார்கள். காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார்கள் என்று ஒவ்வொருவரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். எடை கூடியவரின் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைக்கப்படும். அருவமான 'குணமாக வேண்டும்' என்ற ஆசை, இந்த வாரம் எத்தனை மணி நேர ஓய்வு என்ற கணக்காக மாறியது அங்கேதான். பிறகு 1932இல் மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 'குழு உளச்சிகிச்சை' என்ற பெயரை முன்வைத்தார்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் உளவியலாளர் கர்ட் லெவின் செய்த சோதனை இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்க இல்லத்தரசிகளைப் பழக்க வேண்டும். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு நடத்தினார்கள். வேறு சில குழுக்களில் பெண்களே பேசி, கடைசியில் யார் யார் இந்த வாரம் சமைப்பது என்று கையுயர்த்தித் தீர்மானித்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேரே சமைத்தார்கள். கூடித் தீர்மானித்தவர்களில் 32 சதவீதம் பேர் சமைத்தார்கள்.

நம் ஊர்களில் 'கவுன்சலிங்' என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இன்னும் சொற்பொழிவாகவே இருக்கிறது. வெள்ளைக் கோட்டு போட்டவர் குடியின் கேடுகளைப் படம் போட்டுக் காட்டுவார், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். லெவின் காட்டிய வேறுபாட்டை எட்டு தசாப்தங்களாகத் தெரிந்துகொண்டும் நாம் மேடையைவிட்டு இறங்கவில்லை.

வாசலிலேயே காத்திருக்கும் இலக்கு

மதுவை எடுத்துக்கொள்வோம், புதுச்சேரியில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் அதுதான். சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு வந்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த ஊருக்கு அது பொருந்தவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் இல்லாத சாராயக் கடைகள் இங்கே அரசு ஏலத்தில் போகின்றன. கலால் வரி அரசின் சொந்த வருவாயில் முக்கியமான பங்கு. 2020இல் ஏஎஃப்டி பஞ்சாலையும் மூடப்பட்ட பின், ஆலைச் சங்கை வைத்து நாளை வகுத்திருந்த குடும்பங்களின் வாழ்க்கை இன்னும் தளர்ந்தது. மலிவான மது ஒரு பக்கம், வேலையின் ஒழுங்கு குலைந்த நாட்கள் இன்னொரு பக்கம்.

இந்தச் சூழலில் குடிநோய்ச் சிகிச்சைக்கு வருபவர் தானாக வருவது குறைவு. மனைவி கூட்டிவருவார், அம்மா அழுதுகொண்டே வருவார், கம்பெனி மேலாளர் அனுப்புவார். ஆகவே அவர் குழுவில் உட்காரும் முன்பே மூன்று இலக்குகள் வாசலில் காத்திருக்கின்றன. குடும்பத்தின் இலக்கு: 'இனிமேல் தொடவே கூடாது.' நிறுவனத்தின் இலக்கு: மாதம் இத்தனை அமர்வு, இத்தனை பேர் என்று பதிவேடு நிரம்ப வேண்டும். மூன்றாவதுதான் வந்தவருடையது. பல நேரம் அது 'இந்த வீட்டுச் சண்டை ஓய்ந்தால் போதும்' என்ற அளவில்தான் இருக்கும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்.

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, எப்படிப் போவது என்பதில் உடன்பாடு, ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலான பிணைப்பு. பின்வந்த பல ஆய்வுத் தொகுப்புகள், இலக்கில் உடன்பாடு உள்ள இடத்தில் சிகிச்சைப் பலனும் கூடுதலாக இருப்பதைக் காட்டியுள்ளன. குழுவில் இந்த உடன்பாடு சிக்கலானது. ஆலோசகரோடு மட்டுமல்ல, மற்ற ஏழு பேரோடும் அது வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை

விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை, முத்தியால்பேட்டையில் வீடு, சனிக்கிழமை சம்பளம். முதல் அமர்விலேயே எழுந்து நிற்கிறார். "மணக்குள விநாயகர் சத்தியமா சொல்றேன் சார், இனிமே வாழ்க்கையில தொட மாட்டேன்." அனுபவமில்லாத ஆலோசகர் இதைக் கேட்டுக் கைதட்டச் சொல்வார். நல்ல குழுவில் வயதில் மூத்த ஒருவர் குறுக்கிடுவார்: "தம்பி, சாமியெல்லாம் இழுக்காத. வர்ற சனிக்கிழமை எந்த வழியா வீட்டுக்குப் போவ? அத மட்டும் சொல்லு."

அங்கிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே கடை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கலாம். பொண்ணை ஸ்டாப்புக்கு வரச் சொல்லலாம் என்கிறார் அவர். "புள்ளைய காவலுக்கு வெக்காதண்ணே, உங்க அண்ணன வரச் சொல்லுங்க" என்கிறார் இன்னொருவர். சம்பளப் பணத்தை என்ன செய்வது, கூடவே இறங்கும் நண்பனிடம் என்ன சொல்வது என்று பேச்சு நீள்கிறது. அரை மணி நேரத்தில் 'வாழ்க்கையில தொட மாட்டேன்' என்பது 'சனிக்கிழமை ஏழு மணிக்குள் சம்பளத்தோடு வீட்டில் இருப்பேன்' என்று சுருங்குகிறது.

சுருங்கியது போலத் தோன்றினாலும் இதில் மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன. இலக்கு அவர் கைக்குள் வந்துவிட்டது. அடுத்த வாரம் கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி அது அமைந்துவிட்டது. தங்கள் யோசனையும் அதில் கலந்திருப்பதால் மற்ற ஏழு பேருக்கும் அதன் விளைவில் அக்கறை பிறந்துவிட்டது. கடைசியாகச் சொன்னதுதான் தனி ஆலோசனையில் கிடைக்காதது.

அளப்பது எப்படி?

1968இல் தாமஸ் கிரெசுக்கும் ராபர்ட் ஷெர்மனும் சமூக மனநல மையங்களுக்காக ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ஒவ்வொருவரின் இலக்கும் வேறு, ஆனால் எட்டிய அளவைப் பொதுவாக எழுதலாம் என்பதே அதன் அடிப்படை. எதிர்பார்த்த பலன் 0. அதைவிடச் சற்றுக் கூடுதலானால் +1, மிகக் கூடுதலானால் +2. குறைந்தால் −1, மிகக் குறைந்தால் −2.

நம்முடைய சனிக்கிழமைக்காரருக்கு இதை இப்படி எழுதலாம். சம்பளம் முழுக்கக் கடையில் போய், ஞாயிறும் குடியில் கழிந்தால் −2. குடித்துவிட்டுப் பாதிச் சம்பளத்தோடு வந்தால் −1. குடிக்காமல் ஏழு மணிக்குள் வந்தால் 0. ஞாயிறும் அப்படியே கழிந்தால் +1. வாரம் முழுக்கத் தெளிவாக இருந்தால் +2. இதை ஆலோசகர் வீட்டில் உட்கார்ந்து எழுதிவரக் கூடாது. குழுவில் அவரே சொல்லி, அங்கேயே எழுத வேண்டும். பாதிச் சம்பளத்தோடு வந்ததற்கும் ஓர் இடம் இருப்பதால், அவர் அடுத்த வாரம் முகத்தை மறைக்காமல் கூட்டத்துக்கு வருவார். 'வென்றேன், தோற்றேன்' என்ற இரண்டே கட்டம் இருந்தால் தோற்றவர் வரவே மாட்டார்.

இதற்குப் பின்னால் ஆய்வும் உண்டு. இலக்கு குறிப்பாகவும் சற்றுக் கடினமாகவும் இருந்தால் செயல் கூடும் என்று எட்வின் லாக், கேரி லேதம் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. ஆனால் அவை பெரும்பாலும் வேலைத்தள ஆய்வுகள். அடிமைப் பழக்கத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது என்று உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களில் விளக்கினார். முழு விலகல் என்ற ஒரே இலக்கை வைத்தவர் ஒரு முறை சறுக்கினால், 'ஒண்ணு போட்டாச்சு, இனிமே என்ன இருக்கு' என்று முழுமையாகச் சாய்ந்துவிடுகிறார். சறுக்கலை முன்கூட்டியே பேசி, சறுக்கினால் அடுத்த அரை மணி நேரத்தில் யாருக்குப் போன் செய்வது என்பதையும் இலக்கின் பகுதியாக வைக்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்த பாடம்.

மண்டலமும் ஒரு நாளும்

முழு விலகல் கூடாத இலக்கு என்று இதற்குப் பொருளல்ல. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் முழு விலகலைத்தான் கேட்கிறது. ஆனால் அதை ஒரு நாளைக்கு மட்டும் கேட்கிறது. இன்றைக்குக் குடிக்காமல் இருப்பது, நாளையை நாளை பார்த்துக்கொள்வது. இந்தியாவுக்கு 1957இல் வந்த இந்த இயக்கம் தமிழ் ஊர்களிலும் வேரூன்றியிருக்கிறது. ஏ.ஏ. மீட்டிங்கில் தலைவர் இல்லை, கட்டணம் இல்லை, சேர்வதற்கு ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளில் 10,565 பேரின் தரவுகளைப் பார்த்து, தொடர்ந்து குடிக்காமல் இருக்கும் விஷயத்தில் முறையாக வகுக்கப்பட்ட ஏ.ஏ. வழிச் சிகிச்சை மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளைவிடச் சிறந்தது என்று முடிவு சொன்னது.

நமக்கு இது புதிதல்ல. கார்த்திகை பிறந்ததும் மாலை போடும் குடிகாரரைப் பாருங்கள். எத்தனையோ ஆண்டுகள் நிறுத்த முடியாதவர் ஒரு மண்டலம் ஒரு சொட்டும் தொடாமல் இருக்கிறார். அவரிடம் இருப்பது என்ன? முடிவு தெரிந்த ஒரு காலம், கழுத்தில் எல்லோருக்கும் தெரியும் அடையாளம், கூடவே விரதம் இருக்கும் ஒரு குழு, வழிநடத்தும் குருசாமி, 'சாமி' என்று அழைக்கும் ஊர். நல்ல இலக்குக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. மாலையைக் கழற்றிய மறுநாள் அவற்றில் எதுவும் இல்லை, பலர் நேராகக் கடைக்குப் போகிறார்கள். மன உறுதி இல்லை என்று அவரைத் திட்டுவதில் பயனில்லை. ஒரு இலக்கு முடியும் இடத்தில் அடுத்த இலக்கும் அதைச் சுமக்கும் குழுவும் தயாராக இல்லை என்பதே குறை. குழு ஆலோசகர்கள் தை மாதத்தில் மாலை கழற்றுபவர்களைத் தேடிப் போகலாம். அப்போது அவர்கள் ஏற்கெனவே ஒரு மண்டலத் தெளிவோடு இருப்பார்கள்.

கட்டுப்பாட்டில் இல்லாததை இலக்காக வைப்பவர்கள்

குடிப்பவரின் மனைவிக்கான குழுவில் முதலில் வரும் இலக்கு எப்போதும் ஒன்றுதான்: "அவரு திருந்தணும்." அது மனைவியின் கையில் இல்லாத இலக்கு. 1951இல் உருவான அல்-அனான், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே தனிக் கூட்டங்களை நடத்துவது இதனால்தான். பேசப் பேச இலக்கு மாறும்: வாடகைப் பணத்தைத் தன் கணக்கில் வைப்பது, ராத்திரி அவருக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பது, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவது. அடி விழும் வீட்டில் முதல் இலக்கு பாதுகாப்புதான். எந்த வீட்டுக்குப் போவது, 181 என்ற உதவி எண்ணை எப்போது அழைப்பது என்பதைத்தான் அங்கே முதலில் பேச வேண்டும்.

படிப்பும் பட்டமும் உள்ள நிபுணர்தான் இப்படிப்பட்ட குழுக்களை நடத்த முடியும் என்பதில்லை. உகாண்டாவின் மசாக்கா, ரகாய் மாவட்டங்களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்று 16 வாரம் குழு அமர்வு நடத்தினார்கள். ஆண்கள் குழுவை ஆணும் பெண்கள் குழுவைப் பெண்ணும் நடத்தினார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, குழுவில் இருந்தவர்களிடம் மனச்சோர்வு 86 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக இறங்கியது. ஒப்பீட்டுப் பிரிவில் 94 சதவீதம் 54.7 ஆகத்தான் குறைந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தெருத்தெருவாக இயங்கும் புதுச்சேரிக்கு இந்த ஆய்வு சொல்வது நிறைய.

மனச்சிதைவு உள்ளவர்களின் குழுவில் மோதல் வேறு வகை. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பது குடும்பத்தின் இலக்கு. தனியாக பஸ் ஏறி வந்து டோக்கன் வாங்குவது வந்தவரின் இலக்கு. சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற நிறுவனங்களின் மறுவாழ்வுப் பணி இரண்டாவதில்தான் கால் ஊன்றுகிறது.

குழுவுக்கென்று ஓர் இலக்கு

தனித்தனி இலக்குகளைக் கூட்டினால் குழுவின் இலக்கு வந்துவிடாது. குழு முதலில் தன்னையே ஒரு பாதுகாப்பான இடமாக்கிக்கொள்ள வேண்டும். புதுச்சேரி சின்ன ஊர். குருசுக்குப்பத்தில் ஒருவர் அழுதால் வைத்திக்குப்பத்தில் தெரிந்துவிடும். எட்டுப் பேர் உட்காரும் வட்டத்தில் ஒருவர் இன்னொருவரின் மைத்துனராகவோ வட்டிக்குக் கொடுத்தவராகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்பவர்கள்மேல் வைக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரை அது கட்டுப்படுத்தாது. அவரைக் கட்டுப்படுத்துவது குழு தன் வாயால் எடுக்கும் தீர்மானம் மட்டுமே. அதனால் முதல் அமர்வின் இலக்கு 'இங்கே பேசியது வெளியே போகாது' என்பதாக இருப்பதே முறை. சொந்தக்காரரோடு ஒரே வட்டத்தில் உட்கார விரும்பாதவருக்கு வேறு குழுவும் வேண்டும்.

புரூஸ் டக்மன் 1965இல் வகுத்த குழு வளர்ச்சி நிலைகளும், குழு முதலில் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதையே சொல்கின்றன. கூடுதல், மோதல், இணக்கம், செயல் என்ற வரிசையில் குழு வளரும்போது, மோதல் கட்டத்தில் இலக்கைப் பற்றிய தகராறு வருவது இயல்பு. ஆலோசகர் அதை அடக்கிவிட்டால் இணக்கமும் வராது.

எதிர்க் கேள்விகள்

எல்லாவற்றையும் இலக்காக்கினால் குழு ஒரு ஆபீஸ் மீட்டிங் ஆகிவிடாதா? இது நியாயமான கேள்வி. குழு உளச்சிகிச்சை பற்றி 1970இல் அடிப்படை நூல் எழுதிய இர்வின் யாலோம், 'இந்த வேதனை போனால் போதும்' என்று வருபவர்களின் இலக்கு நடுவழியில் மாறுவதைக் கவனித்தார். மற்றவர்களோடு மனம்விட்டுப் பழக, நம்ப, நேர்மையாகப் பேசக் கற்றுக்கொள்வதே இலக்காகிவிடுகிறது. இதை முதல் நாளே படிவத்தில் எழுத முடியாது. எனவே இலக்கை எழுதிவைப்பதோடு, நான்கு அமர்வுக்கு ஒரு முறை அதை அடித்துத் திருத்தவும் இடம் வேண்டும்.

இன்னொன்று, குழுவே இலக்காக இருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் உயிருக்கு ஆபத்தான குழப்ப நிலையும் வரலாம். அவருக்கு முதல் இலக்கு மருத்துவமனைப் படுக்கை, குழு பிறகு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவரையும் வட்டத்தில் உட்காரவைத்து இலக்கு கேட்கக் கூடாது. அவருக்கு உடனடியாகத் தனி உதவி வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

செய்ய வேண்டியது

இத்தனையையும் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இலக்கு வேலை செய்வது அதன் உயரத்தால் அல்ல, அதைச் சொன்ன வாயால். வந்தவர் தானே சொல்லி, குழு கேட்டு, திருத்தி, அடுத்த வாரம் மறக்காமல் விசாரிக்கும் சிறிய இலக்கு, குடும்பம் எழுதித்தரும் பெரிய சத்தியத்தைவிட வெகுதூரம் போகும்.

அரசு மருத்துவமனைகளும் மறுவாழ்வு இல்லங்களும் இதற்குப் புதிய கட்டடம் கட்ட வேண்டியதில்லை. ஆண்டறிக்கையில் 'இத்தனை அமர்வுகள், இத்தனை பேர்' என்று எழுதும் இடத்தில், 'தாங்களே வைத்த இலக்கை எட்டியவர்கள் இத்தனை பேர், சறுக்கியும் திரும்பி வந்தவர்கள் இத்தனை பேர்' என்று எழுதத் தொடங்கினால் போதும். எதை எண்ணுகிறோமோ அதையே நிறுவனங்கள் வளர்க்கும். வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குழுவுக்குப் போய்வந்தவரிடம் 'இனிமே குடிக்க மாட்டேன்னு சொன்னியா?' என்று கேட்காதீர்கள். 'இந்த வாரத்துக்கு என்ன சொல்லிட்டு வந்த?' என்று கேளுங்கள்.